அழித்துவிட்டால் மாறியதாகுமா?

2025 செப்டம்பரில் பெங்களூர் மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்தார்கள். 2015-க்குப் பிறகு அதுவரை மாநகராட்சிப் பொதுத் தேர்தலையே பார்க்காத நகரம் இது. பிரித்த கையோடு தேர்தலும் வந்துவிடும் என்ற பேச்சு எழுந்ததும், நீலசந்திராவில் சந்துக்கு ஒரு வேட்பாளர் முளைத்துவிட்டார். எங்கள் தெருவிலும் ஒரு தம்பி கிளம்பினார். நல்ல பிள்ளை. கொரோனா நாட்களில் வயதானவர்களுக்கு மருந்து வாங்கிக் கொடுத்தவர். குழாயில் தண்ணீர் வராவிட்டால் அலுவலகத்தில் போய் நின்று கேட்பவர். ஒரு மாலை என் வீட்டுக்கு வந்து, "அண்ணா, நம்ம தமிழ்க் குடும்பங்களிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்" என்றார்.

சரி என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்பு பக்கத்து வீட்டுக் கன்னட நண்பர் தமது செல்போனில் ஒன்றை எனக்குக் காட்டியிருந்தார். 2016 செப்டம்பரில், காவிரிக் கலவரம் நடந்த வாரத்தில், இந்தத் தம்பி முகநூலில் எழுதியது அது. கன்னடர்கள் அனைவரையும், அவர்கள் வீட்டுப் பெண்களையும் சேர்த்து, வாய்க்கு வந்தபடி ஏசியிருந்தார். எழுதியபோது அவருக்கு வயது பத்தொன்பது. அதை எனக்குக் காட்டிய நண்பரின் தாயார் யார் தெரியுமா? 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது எங்கள் வீட்டுப் பிள்ளைகளை இரண்டு இரவு தம் வீட்டில் படுக்க வைத்துக்கொண்ட அம்மையார்.

தம்பியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "புத்தியில்லாத வயதில் எழுதியது அண்ணா. இப்போதே அழித்துவிடட்டுமா?" என்று கேட்டார்.

அன்று அவருக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. யோசித்துப் பார்த்தால் இது அந்தத் தம்பி ஒருவரின் கேள்வி மட்டும் அல்ல. இனி நம் வாசலுக்கு ஓட்டுக் கேட்டு வரப்போகும் எல்லோருக்கும் உரிய கேள்வி. பழைய பதிவு ஒன்று வெளியே வந்ததும், "அது பழைய கதை, நான் மாறிவிட்டேன்" என்று ஒரு வேட்பாளர் சொன்னால் நாம் நம்பலாமா? எதை வைத்து நம்புவது? வெளிமாநிலத்தில் வந்து வாழும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இதில் கூடுதல் அக்கறை உண்டு. ஒருவர் வாயிலிருந்து விழும் சொல் மற்றவர்களுக்குச் செய்தியாக இருக்கலாம். நமக்கு அது தெருவில் கல்லாக வந்து விழுந்த அனுபவம் உண்டு.

நம்மைப் பற்றிச் சொன்ன சொல்

முதலில் நமக்கே நேர்ந்ததைப் பார்ப்போம். 2024 மார்ச் 1 அன்று புரூக்ஃபீல்டில் உள்ள ராமேஸ்வரம் கஃபேயில் குண்டு வெடித்தது. அந்த மாதம் 19-ஆம் தேதி, அப்போது மத்திய இணையமைச்சராகவும் பெங்களூர் வடக்குத் தொகுதியின் பா.ஜ.க. வேட்பாளராகவும் இருந்த ஷோபா கரந்தலாஜே அம்மையார், தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் அங்கே பயிற்சி எடுத்துக்கொண்டு இங்கே குண்டு வைக்கிறார்கள் என்ற பொருள்படப் பேசினார். தமிழகத்தில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. அன்றிரவே தமது எக்ஸ் தளப் பக்கத்தில் தமிழ்ச் சகோதர சகோதரிகளிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினார். தி.மு.க. தேர்தல் ஆணையத்திடம் புகார் கொடுத்தது. மதுரையில் வழக்கும் பதிவாயிற்று. ஏப்ரல் மாதம் தேசியப் புலனாய்வு முகமை முக்கியக் குற்றவாளிகள் என்று கைது செய்த இருவரும் கர்நாடகத்தின் தீர்த்தஹள்ளியைச் சேர்ந்தவர்கள். ஜூன் மாதம் அம்மையார் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் மன்னிப்புக் கோரிப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தார். தமிழக அரசு அதை ஏற்றுக்கொண்டது. வழக்கு ரத்தாயிற்று.

சட்டப்படி விஷயம் முடிந்தது. நானும் அதைக் கிளறிப் பகை வளர்க்க இதை எழுதவில்லை. அதே நாளில் மன்னிப்புக் கேட்டது நல்லதுதான். எத்தனையோ பேர் அதைக் கூடச் செய்வதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நீதிமன்றத்தில் மன்னிப்புக் கேட்கப்பட்டது தமிழக மக்களிடம். ஏற்றுக்கொண்டது தமிழக அரசு. அந்தச் சொல் யாரைத் தைத்தது? மதுரையில் இருப்பவருக்குக் கோபம் வந்திருக்கும், நியாயம். ஆனால் மறுநாள் காலை வேலைக்குப் போன இடத்தில் "நீங்கள் எந்த ஊர்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கியவர்கள் இங்கே இருக்கும் நாம். நீலசந்திராவிலும், வண்ணாரப்பேட்டையிலும், ஈஜிபுராவிலும், அல்சூரிலும் வாடகை வீடு தேடியவர்கள் நாம். நம் தெருக்களில் வந்து நின்று, "நான் சொன்னது தவறு" என்று யாரும் சொல்லவில்லை. மன்னிக்கும் உரிமை காயம்பட்டவனுக்குத்தான் உண்டு. அவனைத் தாண்டி மேலிடத்தில் கேட்டு வாங்கும் மன்னிப்பு வழக்கைத் தீர்க்கும். மனத்தைத் தீர்க்காது.

நான்கு விதமான சமாதானங்கள்

பழைய பதிவு வெளியே வந்ததும் அரசியல்வாதிகள் செய்வதை நான் சில ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கிவிடும்.

ஒன்று, சத்தமில்லாமல் அழிப்பது. 2019 மார்ச்சில் பெங்களூர் தெற்குத் தொகுதிக்குத் திரு. தேஜஸ்வி சூர்யா பா.ஜ.க. வேட்பாளராக அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 28. உடனே அவருடைய பழைய ட்விட்டர் பதிவுகளைத் தோண்டி எடுத்தார்கள். அவற்றில் ஒன்று 2014-ல் எழுதியது. மகளிர் இட ஒதுக்கீடு நடைமுறைக்கு வரும் நாளை நினைத்தால் அச்சமாக இருக்கிறது என்பது அதன் கருத்து. பதிவு நீக்கப்பட்டது. தேர்தலில் மூன்று லட்சத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் வென்றார். 2020 ஏப்ரலில் இன்னொன்று கிளம்பியது. அரபுப் பெண்களைப் பற்றி வேறொருவர் சொன்னதாக 2015-ல் அவர் எடுத்துப் போட்டிருந்த, வீட்டில் உரக்கப் படிக்க முடியாத ஒரு வரி. வளைகுடா நாடுகளில் பலர் கொதித்தெழுந்தார்கள். அதுவும் நீக்கப்பட்டது. அந்த மாதத்தில் இத்தகைய பதிவுகள் பலவற்றால் நிலைமை எவ்வளவு முற்றியது என்றால், ஐக்கிய அரபு அமீரகத்தில் இருந்த இந்தியத் தூதரே அங்குள்ள இந்தியர்களுக்குப் பாகுபாடு காட்டுவது சட்டத்துக்கும் ஒழுக்கத்துக்கும் விரோதம் என்று நினைவூட்ட வேண்டியதாயிற்று. பெங்களூரில் இருந்துகொண்டு ஒருவர் எழுதியதற்கு, துபாயில் பிழைக்கப் போனவர்கள் பதில் சொல்ல வேண்டி வந்தது. பிழைக்கப் போனவர்களின் சங்கடம் நமக்குப் புரியாதா?

2023 செப்டம்பர் 20 அன்று மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதா மக்களவையில் 454 வாக்குகள் ஆதரவாகவும் 2 வாக்குகள் எதிராகவும் பெற்று நிறைவேறியது. எதிர்த்த இருவரும் வேறு கட்சிக்காரர்கள். கொண்டுவந்ததே சூர்யாவின் கட்சி அரசுதான். ஆக, 23 வயதில் அவர் அஞ்சிய நாள், 32 வயதில் அவர் கட்சியின் பெருமையாக வந்து நின்றது. இந்த இடைவெளியில் அவர் மனம் மாறியதா, கட்சி சொன்னதால் வாய் மட்டும் மாறியதா? பழைய வரியை அழித்துவிட்டால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. "அன்று இப்படி நினைத்தேன், இன்ன காரணத்தால் அது தவறென்று உணர்ந்தேன்" என்று சொன்னால்தான் கிடைக்கும்.

இரண்டாவது சமாதானம், "நான் எழுதவே இல்லை" என்பது. 2019 மே மாதம் காந்தியடிகளைக் கொன்ற கோட்சேயைப் பற்றி அப்போதைய மத்திய அமைச்சர் அனந்தகுமார் ஹெக்டேயின் கணக்கில் பதிவுகள் வந்து நாடெங்கும் கண்டனம் எழுந்தபோது, தமது கணக்கை யாரோ கைப்பற்றிவிட்டதாக அவர் விளக்கம் தந்தார். அப்படியும் நடக்கலாம். ஆனால் மாட்டிக்கொள்ளும் நேரத்தில் மட்டும் திருடன் வந்து போகிறான் என்றால், கேட்பவர்கள் நம்பத் தயங்கத்தான் செய்வார்கள்.

மூன்றாவது, "கட்சி சொன்னது, நான் பேசினேன்" என்பது. நடிகை குஷ்பு காங்கிரஸில் இருந்தபோது 2018-ல் மோடி என்ற பெயரையே ஊழலோடு சேர்த்துத் தாக்கி எழுதினார். 2020-ல் பா.ஜ.க.வில் சேர்ந்தார். 2021-ல் ஆயிரம் விளக்குத் தொகுதியில் அந்தக் கட்சியின் வேட்பாளராகவும் நின்றார். 2023 மார்ச்சில், அதே பெயரைப் பற்றிய பேச்சுக்காக ராகுல் காந்திக்குத் தண்டனை கிடைத்தபோது, எதிர்த் தரப்பினர் குஷ்புவின் பழைய பதிவை எடுத்துப் போட்டார்கள். அதற்காகத் தாம் வெட்கப்படவில்லை, அப்போது கட்சியின் மொழியைப் பேசினேன் என்றார் அவர். மறைக்காமல் சொன்ன துணிச்சலைப் பாராட்டலாம். ஆனால் அந்தப் பதிலை ஒரு வாக்காளர் எப்படி எடுத்துக்கொள்வது? அன்று பேசியது கட்சியின் மொழி என்றால், இன்று பேசுவது யாருடைய மொழி?

நான்காவது, "யாரோ எழுதியதை நான் சும்மா பகிர்ந்தேன்" என்பது. இதுதான் நம் எல்லோருக்கும் நெருக்கமான தவறு. காலையில் எழுந்ததும் வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்தும் படிக்காமலும் நாலு குழுவுக்குத் தள்ளிவிடுகிறவர்கள்தானே நாம்? மயிலாப்பூரின் முன்னாள் சட்டமன்ற உறுப்பினரும் நாடக நடிகருமான எஸ்.வி. சேகர், 2018 ஏப்ரலில் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவை முகநூலில் பகிர்ந்தார். எதிர்ப்பு வந்ததும் நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். படிக்காமலே பகிர்ந்துவிட்டேன் என்பது அவர் வாதம். 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்ய மறுத்தது. பகிர்ந்த செய்தி வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு போன்றது என்ற கருத்தை நீதிபதி கூறினார். அடுத்த மாதம் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. அதற்குப் பின் மேல்முறையீடுகளும் நடந்தன. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்று நம் பாட்டிமார் சொன்னதைத்தான் நீதிமன்றம் சட்ட மொழியில் சொன்னது.

சட்டம் எதுவரை வரும்?

"இதற்கெல்லாம் தேர்தல் ஆணையம் இல்லையா, சட்டம் இல்லையா?" என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அது ஓர் எல்லையோடு நின்றுவிடுகிறது. சட்டமன்ற, நாடாளுமன்ற வேட்பாளர்கள் மனுவோடு தரும் படிவம் 26-ல் அவர்களுடைய சமூக ஊடகக் கணக்குகள் எவை என்று கேட்கிறார்கள். அந்தக் கணக்குகளில் பத்து ஆண்டுகளாக என்ன எழுதினீர்கள் என்று கேட்பதில்லை. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், மதம், இனம், சாதி, சமூகம், மொழி ஆகியவற்றின் பெயரால் பகை மூட்டி ஓட்டுத் தேடுவதை முறைகேடு என்கிறது. அது நிரூபணமானால் வெற்றியே செல்லாமல் போகலாம். ஆனால் அந்தச் சட்டத்தின் கண்ணில் ஒருவர் வேட்பாளர் ஆவது முறைப்படி மனு கொடுத்த பிறகுதான். அதற்கு முன் பேசியதும் எழுதியதும் அந்தக் கணக்கில் வராது. பகை மூட்டிய குற்றத்துக்கு நீதிமன்றம் தண்டனை கொடுத்தால் நிற்கும் தகுதி போகலாம். அதுவும் வழக்கு நடந்து தீர்ப்பு வந்தால்தான்.

ஆகவே பழைய பதிவுகளுக்கு நீதிபதி வேறு யாரும் இல்லை, வாக்காளர்தான். அதனால்தான் நாம் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டியிருக்கிறது.

மாறியவர் ஒருவர்

"மனிதன் மாறவே மாட்டான், அன்று எழுதியவன் இன்றும் அவன்தான்" என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். இதை நான் ஏற்கவில்லை. நம் வரலாறே வேறு மாதிரி சொல்கிறது.

ராஜாஜியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்து, நம் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் படித்தவர். 1937-ல் சென்னை மாகாணத்தின் பிரதமராகி, 1938-ல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். எதிர்த்தவர்களைச் சிறையில் போட்டார். நடராசனும் தாளமுத்துவும் சிறைவாசத்தில் உயிர் துறந்தார்கள். அதே ராஜாஜி 1950-களின் பிற்பகுதியிலிருந்து இந்தி மட்டுமே ஆட்சிமொழி என்பதைக் கடுமையாக எதிர்த்தார். 1967 தேர்தலில், இந்தித் திணிப்பை எதிர்த்து வளர்ந்த தி.மு.க.வோடு சேர்ந்து நின்றார். அரசியல் லாபத்துக்காக என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் அவர் தம் புதிய நிலைக்கான காரணங்களைப் பெயர் போட்டுப் பத்திரிகையில் தொடர்ந்து எழுதினார். 1938-ன் ஆணையை யாரும் அழிக்கவில்லை. அது வரலாற்றில் அப்படியே இருக்கிறது. பின்னால் எழுதியதும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, இவர் எங்கிருந்து எங்கே வந்தார் என்று நம்மால் பார்க்க முடிகிறது. ஒருவர் மாறினார் என்று சொல்ல முடிவதே பழையது கண் முன்னால் இருப்பதால்தான். அதை அழித்துவிட்டால் மாற்றத்துக்குச் சாட்சியும் சேர்ந்து அழிந்துபோகிறது.

பாதி மட்டும் சொல்வதில் உள்ள ஆபத்துக்கும் ஓர் உதாரணம் உண்டு. கனடாவில் இருக்கும் நம் உறவினர்களுக்கு இது நன்றாக நினைவிருக்கும். 2019 செப்டம்பரில் தேர்தல் நேரத்தில், அன்றைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ 2001-ல் ஒரு விருந்தில் முகத்தில் கருஞ்சாயம் பூசி வேடமிட்ட படம் வெளிவந்தது. அன்றே அவர் தவறு என்று ஒப்புக்கொண்டார். பள்ளி நாட்களில் இன்னொரு முறையும் அப்படிச் செய்ததுண்டு என்று தாமாகவே சொன்னார். பலருக்கும் அந்த நேர்மை பிடித்திருந்தது. ஆனால் மறுநாளே மூன்றாவது ஒன்று வெளியாயிற்று. முந்தைய நாள் சம்பாதித்த நம்பிக்கையில் பாதி போயிற்று. அடுத்த மாதத் தேர்தலில் ஆட்சியைத் தக்கவைத்தாலும் பெரும்பான்மையை இழந்தார். அந்தத் தோல்விக்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஒப்புக்கொள்வதென்றால் முழுவதையும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் முதுகையும் பார்ப்போம்

பிறரைச் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிடுவது முறையல்ல. நம்மவர் பேசினால் "வாய் தவறிவிட்டது", அடுத்தவர் பேசினால் "உள்ளத்தில் இருப்பது வெளியே வந்துவிட்டது" என்று நாம் தீர்ப்புச் சொல்வதில்லையா? 2021 மார்ச்சில் திரு. ஆ. ராசா, அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமியின் பிறப்பைப் பற்றியும் தாயாரைப் பற்றியும் இழிவாகப் பொருள் கொள்ளும்படி ஓர் உவமை சொன்னார். சில நாளில் மன்னிப்புக் கேட்டார். தேர்தல் ஆணையம் 48 மணி நேரம் பிரசாரம் செய்யத் தடை விதித்தது. 2024-ல் நீலகிரியில் மீண்டும் வென்றார். ஷோபா அம்மையார் வென்றதைக் கண்டு "பெங்களூர்க்காரர்களுக்கு ரோஷமே இல்லையா?" என்று கேட்ட நம்மில் எத்தனை பேர் அந்த நீலகிரி வெற்றியைக் கண்டு அப்படிக் கேட்டோம்? ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்பும் வைத்துக்கொண்டு நியாயம் பேச முடியாது.

2016-ல் நடந்ததையும் மறக்கக் கூடாது. காவிரிப் பிரச்சினையில் கன்னட நடிகர்களைக் கேலி செய்து முகநூலில் எழுதினார் என்று பெங்களூரில் ஒரு தமிழ் இளைஞரைச் சிலர் பிடித்து அடித்து, அதைப் படம் எடுத்தும் பரப்பினார்கள். தமிழ்நாட்டில் கர்நாடகத்தவர் தாக்கப்பட்டதாகவும் படங்கள் பரவின. செப்டம்பர் 12 அன்று இந்த நகரம் எரிந்தது. தமிழ்நாட்டுப் பேருந்து நிறுவனம் ஒன்றின் நாற்பதுக்கும் மேற்பட்ட பேருந்துகள் ஒரே இடத்தில் கரியாயின. எழுதிய பையனை அடித்தது காட்டுமிராண்டித்தனம். அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஒரு பதிவுக்குப் பதில் அடி அல்ல. ஆனால் அந்த வாரத்தில் இரு பக்கமும் இருந்த நூற்றுக்கணக்கான இளைஞர்கள் எழுதியதையெல்லாம் யோசித்துப் பாருங்கள். அவர்கள் எல்லோருக்கும் இப்போது முப்பது வயதை ஒட்டி ஆகியிருக்கும். அவர்களில் சிலர்தான் இனி கவுன்சிலர்கள், சட்டமன்ற உறுப்பினர்கள்.

நாம் இளைஞர்களாக இருந்தபோது டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசாத பேச்சா? அவற்றையெல்லாம் காற்று கொண்டுபோய்விட்டது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பதினைந்து வயதில் எழுதியது ஐம்பது வயதிலும் நிற்கும். அதனால் ஒரு காலத்தில் தவறாக எழுதிய எவரும் நிற்கவே கூடாது என்று சொன்னால், நாளைக்கு நிற்க ஆளே இருக்காது. அல்லது எதையும் மனம் விட்டுப் பேசாத, எதிலும் மாட்டிக்கொள்ளாத சாமர்த்தியசாலிகள் மட்டுமே நிற்பார்கள். அது இன்னும் மோசம்.

இன்னொரு பக்கத்தில், "பேச்சில் என்ன இருக்கிறது, சாக்கடையைச் சரிசெய்தால் போதும்" என்பவர்களும் உண்டு. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வெளியானதும், கட்டிய துணியோடு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓசூர் பக்கம் ஓடிய குடும்பங்களிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். முதல் நாள் வெறும் பேச்சாக இருந்தது மறுநாள் நெருப்பாக வந்தது. அதே ஆண்டு அல்சூரில் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் துணி மூடிக் கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று முதலமைச்சர்கள் எடியூரப்பாவும் கலைஞரும் ஒரே மேடையில் நிற்க, அது திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. ஊரே மாற முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அந்த மாற்றம் தானாக வரவில்லை. இரு பக்கமும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனார்கள்.

என் அளவுகோல்

ஆகவே என் தாழ்மையான கருத்து இது. பழைய பதிவு ஒன்று வெளிவந்தால் வேட்பாளரிடம் நாம் நான்கு கேள்விகள் கேட்போம். எந்த வயதில், எந்தப் பொறுப்பில் இருந்தபோது சொன்னீர்கள்? கல்லூரி மாணவனின் உளறலும் அமைச்சரின் மேடைப் பேச்சும் ஒரே எடை அல்ல. பிறர் கண்டுபிடிக்கும் முன் நீங்களாகச் சொன்னீர்களா, பிடிபட்ட பின் சொன்னீர்களா? யாரைப் புண்படுத்தினீர்களோ அவர்களிடமே போய்ச் சொன்னீர்களா? அதற்குப் பிறகு உங்கள் நடத்தை அந்தச் சொல்லுக்கு மாறாக இருந்திருக்கிறதா? இவற்றுக்கு நேரான பதில் இருந்தால், எந்தக் கட்சியானாலும், எந்த மொழியானாலும் மன்னித்து ஓட்டுப் போடலாம். பதில் இல்லாமல் பதிவை மட்டும் அழித்திருந்தால் அவர் மாறியதாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

நம் நீலசந்திரா சாந்திநகர் சட்டமன்றத் தொகுதியில், பெங்களூர் மத்திய மக்களவைத் தொகுதியில் வருகிறது. மேலே சொன்ன பெரியவர்களிடம் நேரில் கேட்கும் வாய்ப்பு நமக்குக் கிடைக்காமல் போகலாம். வார்டு வேட்பாளர் அப்படி அல்ல. அவர் நம் வாசலுக்கு வந்தே ஆக வேண்டும். அப்போது கேட்போம். தமிழர் என்றால் இன்னும் அழுத்திக் கேட்போம். நம்மவரிடம் கேட்டுப் பழகினால்தான் அடுத்தவரிடம் கேட்கும்போது நம் குரலுக்கு மதிப்பு இருக்கும்.

அந்தத் தம்பிக்கு நான் பிறகு சொன்ன பதிலும் இதுதான். "உடனே அழிக்க வேண்டாம். முதலில் பக்கத்து வீட்டு அம்மாவிடம் போங்கள். நான் இப்படி எழுதினேன், தவறு என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். பிறகு அதையே தமிழிலும் கன்னடத்திலும் முகநூலில் எழுதுங்கள். அதன் பின் அந்தப் பழைய வரியை வைத்திருப்பதா எடுப்பதா என்று, புண்பட்டவர்கள் சொல்வதைக் கேட்டுச் செய்யுங்கள்" என்றேன். "தேர்தல் நேரத்தில் நானே எடுத்துக் கொடுத்தால் தோற்றுப்போவேனே அண்ணா" என்றார். தோற்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அழித்துவிட்டு ஜெயித்தால், யாரோ ஒருவர் செல்போனில் அது பத்திரமாக இருக்கிறது என்ற பயத்தோடு ஐந்து ஆண்டு உட்கார வேண்டும்.

அவர் இன்னும் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. யோசிக்கிறார். போகும் நாளில் நானும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். 1991-ல் நம் பிள்ளைகளுக்காகத் திறந்த கதவு அது. தட்டினால் திறக்கும் என்றே நம்புகிறேன்.